விளிம்பிலிருந்து ஒரே தொலைவு: ஓசூர் வட்டாரத்தில் ஒரு கோட்டின் வரலாறு

மூடிய உருவம் ஒன்றை வரைந்துகொள்வோம். அதன் விளிம்பிலிருந்து எங்கும் ஒரே தொலைவில், உள்ளேயோ வெளியேயோ, இன்னொரு கோடு போட வேண்டும். கேட்பதற்கு இதைவிட எளிய வேலை இருக்க முடியாது. முதல் உருவம் வட்டமாக இருந்தால் உண்மையிலேயே எளிது. ஆரத்தைக் கூட்டியோ குறைத்தோ மற்றொரு வட்டம் போட்டால் போதும். வட்டத்தை விட்டு விலகியதுமே சிக்கல் தொடங்கிவிடுகிறது. புதிய கோடு தன்னையே வெட்டிக்கொள்கிறது, மூலைகளில் கிழிகிறது, ஒடுக்கமான இடங்களில் இரண்டாகப் பிரிகிறது, சில வேளைகளில் இல்லாமலே போய்விடுகிறது.

கணிதத்தில் இதை இணை வளைகோடு என்பர். ஓசூர்ப் பட்டறைகளில் ‘ஆஃப்செட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். இன்று இந்தக் கோட்டைப் போடுபவை கணினிக்குள் இருக்கும் வடிவியல் நிரல் நூலகங்கள். அவை தவறும்போது, நிரலை எழுதியவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்றே முதலில் எண்ணுகிறோம். ஆனால் தவறு நேரும் இடங்கள், கணினி வருவதற்கு மிக முன்பிருந்தே அந்தக் கோட்டுக்குள் இருந்துவருபவை. தமிழகமும் கர்நாடகமும் கைகோக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நின்று பார்த்தால் அந்த வரலாறு மூன்று அடுக்குகளாகத் தெரிகிறது: வயல், டூல்ரூம், காடு.

உழவுசால்

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலைப் பெற்ற கும்பெனி, அதன் நிர்வாகத்தை அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைத்தது. தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாக இருந்தார். ஜமீன்தாரை இடையில் வைக்காமல் உழவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கும்பெனியின் கைக்கு வந்தது. உழவரிடம் நேராக வரி பெற வேண்டுமானால் ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டும். இப்படியாக இந்த வட்டாரத்தின் கோணல்மாணலான வயல்கள் கணக்கேட்டில் ஏறின. ஏட்டில் முதன்மை பெற்றது பரப்பு. உழுபவருக்கு முதன்மையானது வடிவம்.

கேழ்வரகு விளையும் மேட்டு நிலத்தை ஏர் கட்டி உழுத முறையை நினைத்துப் பார்க்கலாம். ஒரு பகுதியைச் சாலால் வளைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி உள்நோக்கி உழுது வருவது ஒரு வழக்கம். இப்படி வளைத்த பகுதியை விளா என்பார்கள். முதல் சால் எல்லையை ஒட்டிப் போகும்; அடுத்தது அதிலிருந்து ஒரு கொழு அகலம் உள்ளே; அதற்கடுத்தது மேலும் உள்ளே. ஒவ்வொரு சாலும் முந்தைய சாலின் இணைகோடு. நான்கைந்து சுற்றுவரை ஒன்றும் தெரியாது. பிறகு கூர்மையான மூலைகளில் மாடு திரும்ப முடியாமல் சால் வளைந்து போகும். அங்கே உழாத மண் எஞ்சும். நடுவில் ஒடுங்கிய நிலமாக இருந்தால், ஒரு கட்டத்தில் எதிரெதிர்ச் சால்கள் முட்டிக்கொண்டு, உழ வேண்டிய இடம் இரண்டு துண்டாகிவிடும். ஏர் எட்டாத மூலைகளை மண்வெட்டியால் கொத்திவிடுவார்கள்.

மூலையில் மிச்சம், ஒடுக்கத்தில் பிரிவு, இறுதியில் மறைவு. இணைகோட்டின் எல்லாத் தொல்லைகளும் இந்த மூன்றுக்குள் அடங்கும். உழவர் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்தில் நின்று தீர்வு கண்டார். இந்த வயல்களில் ஒரு பகுதி, 1971இல் தோற்றுவிக்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் கையகப்படுத்தலில் தொழிற்பேட்டையாயிற்று. கொழு சுற்றிய மண்ணில் இன்று வெட்டுளிகள் சுற்றுகின்றன.

கடிகாரக்காரர் தொடங்கிவைத்த கணக்கு

இணை வளைகோடு கணிதத்துக்குள் நுழைந்த வாசல் ஒரு கடிகாரம். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஊசல் எவ்வளவு அகலமாக ஆடினாலும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அதன் நூலை வளைந்த இரு தகடுகளுக்கிடையே தொங்கவிட்டார். தகட்டின்மீது படிந்து படிந்து பிரியும் நூலின் நுனி போடும் கோட்டை அவர் 1673இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். அந்த நூலில் ஒரு விரற்கடை இடைவெளியில் இரண்டு முடிச்சுகள் இட்டதாகக் கொள்வோம். இரண்டும் ஒவ்வொரு கோடு போடும். அவ்விரு கோடுகளுக்கும் இடையே எங்கும் அதே ஒரு விரற்கடைதான் இருக்கும். 1690களில் லைப்னிட்ஸ் இத்தகைய கோடுகளைத் தனிப் பொருளாக எடுத்து ஆராய்ந்தார்.

அதன்பின் தெரியவந்தவை வியப்பூட்டுபவை. நீள்வட்டம் இரண்டாம் படிச் சமன்பாட்டால் அமைந்தது. அதற்கு இணையாகப் போடும் கோடோ எட்டாம் படிக்குத் தாவுகிறது. அது நீள்வட்டமே அன்று. அரை நெட்டச்சு 10 மி.மீ., அரைக் குற்றச்சு 5 மி.மீ. உள்ள நீள்வட்டத்தின் கூர்ந்த முனையில் வளைவின் ஆரம் 2.5 மி.மீ. மட்டுமே. 2.5 மி.மீட்டருக்குள் உட்கோடு ஒழுங்காக அமையும். அதைத் தாண்டினால் முனையருகே கோடு தன்னைத்தானே கடந்து, தகைவிலான் குருவியின் பிளந்த வால்போல ஒரு முடிச்சைப் போடும். கணிதச் சமன்பாட்டுக்கு அந்த வால் சரியான விடை. உலோகம் வெட்டுபவருக்கு அது வேலையைக் கெடுக்கும் கோடு.

வெளிப்புறமாகப் போவது இவ்வளவு தொல்லை தருவதில்லை. 1840இல் யாகோப் ஸ்டைனர் காட்டிய விதி இன்றும் அழகு குறையாதது. எங்கும் உட்குழியாத ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் ஒரு குறிப்பிட்ட தொலைவு பெருக்கினால், அதன் சுற்றளவு அத்தொலைவைப் போல் ஏறத்தாழ 6.28 மடங்கு கூடும். உருவம் எது என்பது பொருட்டே இல்லை. கைக்கடிகாரத்தின் கூடானாலும் பெரிய ஏரியானாலும், 1 மீட்டர் தள்ளி வேலி போட்டால் மிகுதியாக வேண்டுவது அதே 6.28 மீட்டர்தான். உட்குழிவு ஒன்று வந்துவிட்டால் இந்த உறுதி போய்விடுகிறது.

ஹைகன்ஸின் கோட்டுக்கு இன்னொரு பிறவியும் உண்டு. வட்டத்தின்மீது சுற்றிய நூலைப் பிரிக்கும்போது கிடைக்கும் வளைவைப் பல்சக்கரங்களின் பல்லுக்கு உரிய வடிவமாக 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் முன்வைத்தார். அதன் இணைகோடு, சற்றே திருப்பிவைத்த அதே வளைவு. இணைகோடு போட்டும் தன் இயல்பு மாறாத அரிய வளைவுகளுள் அது ஒன்று. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் புறப்பட்டது. அதே பத்தாண்டில் அசோக் லேலண்டு லாரிகளும் இங்கே உருவாயின. வண்டிகளின் கியர்ப் பெட்டிகளை உலகெங்கும் ஆள்வது இந்த வளைவே. ஊசலில் தொடங்கிய கணக்கு கைக்கடிகாரத்துக்கும் வந்து சேர்ந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் இணைந்து தொடங்கிய டைட்டன், தன் ஆலையை ஓசூரில் அமைத்தது. 2002இல் அது வெளியிட்ட ‘எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ.; உள்ளே இருக்கும் இயக்கத்தின் தடிமன் 1.15 மி.மீ. இத்தகைய இடங்களில் ஒரு கோடு எவ்வளவு தள்ளிப் போகிறது என்பது மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் கணக்கிடப்படுவது.

பஞ்சும் டையும்

தகட்டிலிருந்து ஓர் உருவத்தை வெட்டியெடுக்க இரண்டு கருவிகள் வேண்டும்: மேலிருந்து இறங்கும் பஞ்ச், கீழே அதைத் துளைக்குள் வாங்கும் டை. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். இடையே சீரான இடைவெளி வேண்டும். தகட்டுத் தடிமனில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்குவரை ஒவ்வொரு பக்கமும் விடுவது பொதுவான வழக்கம். 1 மி.மீ. தகட்டுக்கு 5 பங்கு என்று வைத்தால் 0.05 மி.மீ. வெட்டிவிழும் துண்டு அளவாக இருக்க வேண்டுமானால் டை அந்த அளவில் இருக்கும், பஞ்ச் 0.05 உள்ளே போகும். துளை அளவாக இருக்க வேண்டுமானால் பஞ்ச் அளவில் நிற்கும், டை 0.05 வெளியே போகும். ஆக, ஒரு ஜோடிக் கருவி என்பது ஒரு மூடிய உருவமும் அதன் இணைகோடும்தான்.

வயர்கட் எந்திரங்கள் பரவுவதற்கு முன் இந்த இணைகோட்டைப் போட்டது அரம் பிடித்த கை. கெட்டிப்படுத்திய பஞ்சை, நீலம் தடவிய டையில் வைத்து அழுத்தி, தடம் பட்ட இடத்தை மட்டும் ராவுவார் ஃபிட்டர். மறுபடி நீலம், மறுபடி அழுத்தம், மறுபடி அரம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, சுற்றிலும் ஒரே கீற்றாக ஒளி வருகிறதா என்று கவனிப்பார். மூலை எங்கே அடைக்கும், கழுத்து எங்கே ஒடுங்கும் என்பது அவருக்குத் தெரியும். கூரிய உள்மூலையை எவ்வளவு உருட்டிவிடலாம் என்று வரைபடம் சொல்லாவிட்டாலும், அந்த உறுப்பு எங்கே போய்ப் பொருந்தப் போகிறது என்று கேட்டறிந்து முடிவெடுப்பார்.

இக்கைகளைப் பழக்கிய நிறுவனங்கள் பல எல்லைக்கு அப்பால், ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருந்தன. பெங்களூரில் 1953இல் எச்.எம்.டி., 1962இல் மத்திய எந்திரக் கருவி நிறுவனம், 1972இல் டென்மார்க் உதவியுடன் அரசு டூல்ரூம் பயிற்சி மையம். ஓசூரின் பேட்டைகள் அந்தத் தொழிற்பழக்கத்தின் நிழலில் வளர்ந்தவை.

வயர்கட் வந்தபின் அரத்தின் வேலையைக் கம்பி எடுத்துக்கொண்டது. 0.25 மி.மீ. பித்தளைக் கம்பியின் ஆரம் 0.125, அதைச் சுற்றித் தீப்பொறி தின்னும் இடைவெளி ஏறக்குறைய 0.015. எனவே கம்பியின் நடு, வேண்டிய விளிம்பிலிருந்து 0.14 மி.மீ. தள்ளிச் செல்ல வேண்டும். அந்தக் கம்பியால் 0.14 ஆரத்தைவிடக் கூர்மையான உள்மூலையை வெட்டவே முடியாது. மாடு திரும்ப முடியாத மூலை இங்கே மீண்டும் வந்துவிடுகிறது.

கைவிட்டுப்போன முடிவு

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், எண்களைப் படித்துத் தானே இயங்கும் மில்லிங் எந்திரம் செய்து காட்டப்பட்டது. அந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் ஜான் பார்சன்ஸ். 1959இல் அங்கேயே ஏ.பி.டி. என்ற எந்திர மொழியை டக்ளஸ் ராஸ் குழுவினர் அறிமுகம் செய்தபோது, அதனால் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை வந்தவர்களுக்கு நினைவுப்பொருளாகக் கொடுத்தார்கள். கிண்ணத்தைக் குடைவதும் விளா உழுவதும் வடிவியலில் ஒரே வேலை. 1967இல் ஹாரி ப்ளம் சொன்ன உவமை இன்னும் நெருக்கமானது. காய்ந்த புல்வெளியின் எல்லா விளிம்பிலும் ஒரே நேரத்தில் நெருப்பு வைத்தால், தீ உள்நோக்கிச் சீராக வந்து, சில கோடுகளில் ஒன்றோடொன்று மோதி அணையும். தீயின் ஒவ்வொரு நேரத்து நிலையும் ஓர் இணைகோடு. அது அணையும் கோடுகளே அந்த உருவத்தின் எலும்புக்கூடு. உட்கோடு எங்கே பிரியும், எங்கே மறையும் என்பதை அந்த எலும்புக்கூட்டிலிருந்தே படித்துவிடலாம்.

ஃபிட்டர் கண்ணால் கண்டதைக் கணினிக்குப் புரியவைக்க அதன்பின் பல ஆண்டுகள் ஆயின. 1984இல் டில்லர், ஹான்சன் ஆகிய இருவரும் வளைகோடுகளின் இணைகோடுகளைத் தோராயமாக அமைக்கும் முறையை எழுதினார்கள். 1991இல் மார்ட்டின் ஹெல்ட், குழிகுடையும் வேலையின் வடிவியலை ஒரு நூலாகவே தந்தார். 1992இல் பாலா வட்டி வெளியிட்ட பலகோண வெட்டுமுறையின்மீது, 2010இல் ஆங்கஸ் ஜான்சன் ‘கிளிப்பர்’ என்ற கட்டற்ற நிரல் நூலகத்தைக் கட்டினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் 1996இல் தொடங்கிய ‘சிகால்’ வேறு வழியில் சென்றது. இன்று சிறு பட்டறைகூட, தான் அறியாமலே, இப்படிப்பட்ட நூலகம் ஒன்றின்மேல் நின்று வேலை செய்யக்கூடும்.

இந்நூலகங்கள் தவறான கோட்டைத் தரும்போது பிழை தேடுபவர் போய் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் முன்பே வகுபட்டவை. முதலாவது, சுற்றும் திசை. இடஞ்சுழியாகச் சுற்றினால் உருவத்தின் உட்புறம் இடக்கைப் பக்கம். வலஞ்சுழியானால் வலக்கைப் பக்கம். சி.என்.சி. எந்திரத்தில் ஜி41, ஜி42 என்ற இரு கட்டளைகள் இந்த இடவலத்துக்காகவே இருக்கின்றன. வெளிக்கோடும் உள்ளிருக்கும் துளையும் ஒரே திசையில் வரையப்பட்டிருந்தால், வெளிக்கோடு சுருங்க வேண்டிய இடத்தில் துளையும் சேர்ந்து சுருங்கி, அதைச் சுற்றியுள்ள உலோகம் தடித்துவிடும். இரண்டாவது, மூடல். வரைபடத்தில் மூடியதுபோல் தெரியும் கோட்டின் தொடக்கமும் முடிவும் மயிரிழை விலகியிருந்தால், நூலகம் அதைத் திறந்த கோடாகக் கருதி இருபுறமும் ஓடிவரும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத குறும்பக்கங்கள். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பக்கத்துக்கும் ஒரு திசை உண்டு. அந்தத் திசை பிறழ்ந்திருந்தால் கோடு முள்ளாக நீட்டிக்கொள்ளும். நான்காவது, கூர்மூலை. 10 பாகைக் கோணமுள்ள முனையை வெளிப்புறம் கூராகவே நீட்டினால், நீட்சி தள்ளிய தொலைவைப் போல் 11 மடங்குக்கும் மேல் போய்விடும். ஆகவே எங்கேனும் வெட்டி நிறுத்த வேண்டும். ஐந்தாவது, கணினி எண்களின் இயல்பு. ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய மூன்று கோடுகள், கடைசி இலக்கங்கள் கழிந்துபோவதால், மிகச் சிறு முக்கோணமாகச் சந்திக்கும். கிளிப்பர் முழு எண்களை மட்டுமே வைத்துக் கணக்கிடுவது இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான்.

இவையனைத்தையும் சரிசெய்த பின்னும் எஞ்சுவது ஒன்று உண்டு. நடுவில் 4 மி.மீ. கழுத்துள்ள ஓர் உருவத்தை 3 மி.மீ. உள்ளே தள்ளினால் விடை இரண்டு துண்டுகள். நூலகம் இரண்டைத் தரும். அதை அழைத்த நிரல் ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருந்தால், முதல் துண்டை எடுத்துக்கொண்டு இரண்டாவதைச் சத்தமின்றி விட்டுவிடும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. குடையாமல் விட்ட பாதி, எந்திரம் நின்றபின்தான் கண்ணுக்குப் படும். நூலகம் தவறவில்லை, அழைத்த நிரலும் தன்னளவில் தவறவில்லை. கழுத்தில் என்ன செய்வது என்ற முடிவை எவரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அரம் பிடித்த காலத்தில் அந்த முடிவுக்கு ஓர் ஆள் இருந்தார். ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறையில், கெட்டுப்போன இரும்பின் விலை அந்தப் பட்டறைக்காரரின் கணக்கில்தான் விழும்.

காட்டின் விளிம்பு

இதே கோடு இன்று இந்த வட்டாரத்தில் இன்னும் பெரிய அளவில் போடப்படுகிறது. பன்னேர்கட்டாவிலிருந்து ஓசூர்க் காடுகள் வழியாகக் காவிரிவரை யானைகள் போய்வருகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2014இல் 504 சதுர கி.மீ. பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஒவ்வொன்றின் எல்லையிலிருந்தும் குறைந்தது 1 கி.மீ. அகலத்துக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றது. 2023 ஏப்ரல் 26 அன்று அந்தப் பொது விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் அந்த 1 கி.மீட்டருக்குள் சுரங்கத் தொழில் கூடாது என்பது நிலைத்தது. கிரானைட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் அந்தக் கோட்டின் இப்புறம் அப்புறம் என்பது பிழைப்பின் கேள்வி. யானைக்கும் அப்படித்தான்.

வரைபட நிரல்களில் இக்கோட்டைப் போடுபவை பெரும்பாலும் மார்ட்டின் டேவிஸ் உருவாக்கிய ‘ஜே.டி.எஸ்.’ நூலகமும் அதன் மறுவடிவான ‘ஜியாஸ்’ நூலகமும். வளைந்து செல்ல வேண்டிய மூலையை இவை நேர்க்கோட்டுத் துண்டுகளால் அமைக்கின்றன. ஜே.டி.எஸ்.ஸில் எதையும் மாற்றாமல் விட்டால் கால்வட்டத்துக்கு 8 துண்டுகள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு துண்டின் நடுவிலும் கோடு 1 கிலோமீட்டருக்கு 4.8 மீட்டர்வரை உள்ளே தங்கிவிடும். எல்லையைப் பாகைகளில் கொடுத்துவிட்டு 1 என்று தள்ளச் சொன்னால், கோடு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் நிற்கும். அது உடனே கண்ணில் படும். 4.8 மீட்டர் கண்ணில் படாது.

வெளிப்புறம் போவது தொல்லையற்றது என்ற ஸ்டைனரின் ஆறுதலும் இங்கே உதவாது. காட்டின் எல்லை எங்கும் உட்குழிவு நிறைந்தது. காட்டுக்குள் விரல்போல நீளும் வயற்பரப்பின் அகலம் 2 கிலோமீட்டருக்குக் குறைவானால், இருபுறத்து மண்டலமும் நடுவில் கைகோத்து அந்த விரல் முழுவதையும் மூடிவிடும். அப்படி மூடிய கோட்டைத் திரும்ப 1 கி.மீ. உள்ளே தள்ளினாலும் பழைய எல்லை கிடைக்காது. நிரம்பிய விரல் நிரம்பியதுதான். இணைகோடு போனவழியே திரும்பிவராத கோடு. முதல் உருவத்தைத் தனியே காப்பாற்றி வைக்காதவருக்கு அது மீளாது.

பன்னேர்கட்டாவில் 2016இல் முன்மொழிந்த மண்டலத்தின் பரப்பு 268.96 சதுர கி.மீ.; 2020இல் இறுதியானது 168.84 சதுர கி.மீ. அதன் அகலம் இடத்துக்கு இடம் 100 மீட்டரிலிருந்து 1 கிலோமீட்டர்வரை மாறுகிறது. இப்படி மாறும் கோடு வடிவியலின் இணைகோடு ஆகாது. மனிதர்கள் கூடிப் பேசிப் போட்ட கோடு. அதில் எங்கே குறைந்தது, எதனால் குறைந்தது என்று கேட்கலாம், மறுக்கலாம், வழக்கும் தொடுக்கலாம். நிரல் நூலகம் கழுத்திலும் மூலையிலும் எடுக்கும் முடிவுகளும் இதே வகையானவைதான். எத்தனை துண்டு, எங்கே வெட்டு, பிரிந்தால் எதை வைத்துக்கொள்வது என்பவை எவரேனும் ஒருவர் தேர்ந்தவை. அவற்றை நிரலின் அடியில் புதைத்துவிடாமல், வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவைப்பது நல்லது. அளவும் அலகும் எழுதுகிற அதே ஓரத்தில் அதற்கும் இரண்டு வரி இடமிருக்கிறது.